ஒரு தோழிக்கு வந்த மெசேஜ்

ஆகஸ்ட் 4, 2025. திங்கள்

காலை எட்டரை. என் வீட்டுக்காரர் கோலின் மெங்லெம்பு பட்டறைக்குக் கிளம்பிப் போயாச்சு. மேசையில் லேப்டாப், பக்கத்தில் ஆறிப்போன கோப்பி. கம்பெனி வியட்நாமுக்கு மாறி, எங்களை வீட்டுக்கு அனுப்பி ஏழு வாரம் ஆகிறது. பத்தொன்பது வருஷம் அங்கே எச்.ஆர். பிரிவில் இருந்தவள் நான். வேலைக்கு ஆள் எடுத்தவளுக்கே வேலை இல்லை. இதை யாரிடம் சொல்லிச் சிரிப்பது?

வேலை போனது, கம்பெனி ஆட்களைத் தவிர, கோலினுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அவரோட அக்கா பமேலாவுக்குத் தெரிந்தால், ஞாயிறு பூசை முடிவதற்குள் புந்தோங் முழுக்கத் தெரிந்துவிடும். கோயிலில் இன்னும் பிள்ளைகளின் பயோடேட்டாவை என் கையில்தான் கொடுக்கிறார்கள். "பெட்ரீசியா அக்கா, உங்க கம்பெனியில ஏதாச்சும் பாருங்கலா." நானும் வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொள்கிறேன். அதற்கு ஒரு முகம் வேண்டும். எனக்கு இருக்கிறது போல.

லிங்க்டினில் படத்தைச் சுற்றி ஒரு பச்சை வளையம் போடலாம், வேலை தேடுகிறேன் என்று எல்லாருக்கும் தெரிய. போடமாட்டேன். பமேலா அக்காவும் அங்கே இருக்கிறார். ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் தெரியும்படி இன்னொரு வழி இருக்கிறது. அதை அழுத்தினேன்.

ஆகஸ்ட் 6. புதன்

பதினொரு ரெக்ரூட்டர்களுக்கு எழுதினேன். ஒருவர் பார்த்திருக்கிறார். பார்த்ததோடு சரி.

ஆகஸ்ட் 8. வெள்ளி

கலாதேவி போன் செய்தாள். என்னோடு வேலை பார்த்தவள், என்னோடே வேலை இழந்தவள். நான் எழுதுவதைப் படித்துக் காட்டச் சொன்னாள். "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மேலான கவனத்துக்கு" என்று ஆரம்பித்ததுமே நிறுத்திவிட்டாள்.

"அக்கா, பெரட்டுல நிக்கிற மாதிரி எழுதாதீங்கக்கா. உங்களுக்கு என்ன தெரியும், அவங்களுக்கு அது எதுக்கு உதவும். ரெண்டே வரி. அது போதும்லா."

பெரட்டு என்றதும் அப்பா ஞாபகம் வந்தது. ரப்பர் தோட்டத்தில் விடியுமுன்னே எல்லாரையும் நிற்க வைத்துப் பேர் கூப்பிடுவார்களாம். பேர் வராதவன் அன்றைக்கு லயத்து வீட்டுக்குத் திரும்பி நடக்க வேண்டியதுதான். பின்னால் எத்தனை கண்ணு பார்க்கும் தெரியுமா என்பார் அப்பா. எனக்கு நாற்பத்து நாலு வயது. கம்பெனியில் நாற்பது தாண்டியவர்களின் விண்ணப்பங்களைத் தனியாக ஓர் அடுக்கில் வைப்பேன். அந்த அடுக்கை யாரும் பிரித்ததே இல்லை. நானும்தான் பிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 12. செவ்வாய்

ஒருத்தி தானாக எழுதியிருக்கிறாள். அஸ்ஃபியா மதார் சாகிப், ரெக்ரூட்டர், கம்பார். சின்னப் பெண், தலையில் தூடோங் கட்டி, பல் தெரியச் சிரிக்கிற படம். பத்து காஜாவில் ஒரு தொழிற்சாலைக்கு எச்.ஆர். ஆள் வேண்டுமாம். என் அனுபவம் பொருந்துகிறதாம். வாட்சப் நம்பர் கொடுத்திருக்கிறாள். கடைசியில் ஒரு வரி: வேலை உறுதியானால் இரண்டு வாரப் பயிற்சி, தாய்லாந்து ஹாட்யாயில் அவர்களுடைய இன்னொரு தொழிற்சாலையில், செலவு கம்பெனியுடையது. ஐ.சி. அடையாள அட்டை நகல் சீக்கிரம் அனுப்பினால் நல்லது.

மூன்று தடவை படித்தேன். முதல் தடவை அழுகை வந்தது. மூணாவது தடவை அந்தக் கடைசி வரியிலேயே நின்னுட்டேன்.

ஆகஸ்ட் 13. புதன்

தாய்லாந்து. செலவு அவர்களுடையது. ஐ.சி. சீக்கிரம் வேண்டும்.

ஹுத்தான் மெலிந்தாங்கில் கோலினின் உறவு, செல்லாயி அக்கா. அவர் மகனையும் இப்படித்தான் கூப்பிட்டார்கள். ஹாட்யாயில் வேலை, எல்லாம் இலவசம். அங்கிருந்து எல்லை தாண்டிக் கொண்டுபோய் எட்டு மாதம் அடைத்துவைத்து, போனில் ஊரை ஏமாற்றுகிற வேலை. மாட்டேன் என்றால் அடி. திரும்பி வந்தவன் இன்றைக்கும் கதவைப் பூட்டிவிட்டுத்தான் சோறு சாப்பிடுகிறான்.

கோலினிடம் காட்டினேன். "அந்தக் கம்பெனிக்கு ஒரு போன் போட்டுக் கேளேன்" என்றார். கேட்கலாம். பத்து காஜாவில் எனக்குத் தெரிந்தவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். கேட்டால், உனக்கு எதுக்கு என்பார்கள். என்ன சொல்வேன்?

அதனால் வேறொன்று செய்தேன். மெசேஜைப் படம் பிடித்து, மேலே என் பேர் இருந்த இடத்தை வெட்டிவிட்டு, எங்கள் ஜெபக் குழு வாட்சப்பில் போட்டேன். "என் தோழி ஒருத்திக்கு இப்படி வந்திருக்கு. நம்பலாமா? யாருக்காச்சும் தெரியுமா?" அவ்வளவுதான். ஜெபக் குழுவில் எல்லாரும் இப்படித்தான் கேட்பது. ஒரு சகோதரிக்காக, ஒரு குடும்பத்துக்காக. யாரும் தன் பேரைச் சொல்வதில்லை.

ஆகஸ்ட் 14. வியாழன்

முதலில் பமேலா அக்காதான் பதில் போட்டார். "ஆண்டவரே. இது செல்லாயி மகனைக் கொண்டுபோன அதே கும்பல்தான். எல்லாருக்கும் அனுப்புங்க." பத்து நிமிஷத்தில் இருபது கைகூப்பு.

முள்ளைப் பிடுங்கித் தூரப் போட்ட மாதிரி இருந்தது. பெரிய கண்டத்திலிருந்து தப்பித்தேன். அந்தப் பெண்ணை பிளாக் செய்துவிட்டேன்.

ஆகஸ்ட் 16. சனி

அந்தப் படம் எனக்கே திரும்பி வந்தது. கோலினின் பட்டறைக் குழுவிலிருந்து. கூடவே ஒரு ஆணின் குரல் பதிவு: பாகான் டத்தோவில் மூன்று பெண்களை இவள் அனுப்பிவிட்டாளாம், மூவரையும் காணோமாம், அப்பன் கம்பாரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறானாம்.

மூன்று பெண்களா? யாரு? நான் போட்டப்ப யாரும் காணாமப் போகலையே.

அப்போதுதான் கவனித்தேன். என் பேரை ஒழுங்காக வெட்டியிருக்கிறேன். அவள் பேர், படம், போன் நம்பர் எல்லாம் அப்படியே இருக்கிறது.

ஆகஸ்ட் 17. ஞாயிறு

பூசையில் ஃபாதர் பிரசங்கத்துக்குப் பிறகு வேலை மோசடி பற்றி எச்சரித்தார். நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 19. செவ்வாய்

கலாதேவி போன். வீடியோவில். பின்னால் வெள்ளைச் சுவர், ஏதோ ஒரு கேன்டீன்.

"அக்கா, எங்க இருக்கேன் சொல்லுங்க. ஹாட்யாய். ட்ரெய்னிங். பத்து காஜா கம்பெனியில எனக்கு வேலை கிடைச்சிருச்சு. உங்களுக்கும் ஒரு இடம் இருக்குன்னு அஸ்ஃபியாகிட்ட நான்தான் பேர் கொடுத்தேன். சொல்லாமக் கொடுத்ததுக்குக் கோவிச்சுக்காதீங்க. எழுதினாளா?"

லைன் சரியில்லை என்றேன்.

அவளே சொன்னாள். "பாவம்கா அந்தப் பொண்ணு. எவளோ ஒருத்தி வாட்சப்புல போட்டு விட்டிருக்கா. யாரும் காணாமப் போகல, அவ அனுப்பின நாங்க எல்லாரும் இங்கதான் இருக்கோம். அவ போன் நிக்காம அடிக்குது, அத்தனையும் கெட்ட வார்த்தை. அவ அத்தா கடையில போய்க் கத்தியிருக்கானுங்க. புதுசா வேலைக்குச் சேர்ந்தவ, கம்பெனியில கொஞ்ச நாள் வீட்டுல இருன்னு சொல்லிட்டாங்களாம்."

எவளோ ஒருத்தி.

ஆகஸ்ட் 20. புதன்

குழுவில் அந்தப் படத்தை அழிக்கப் பார்த்தேன். நேரம் தாண்டிவிட்டதாம், என் போனில் மட்டும்தான் அழியும். என் போனில் அழித்து என்ன பிரயோஜனம்?

போலீசுக்குப் போவார்களா? யார் முதலில் போட்டது என்று கண்டுபிடிக்க முடியுமா? பமேலா அக்காவைக் கேட்டால் என்னைத்தான் கை காட்டுவார். என்னால் ஒரு சின்னப் பெண் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள், எனக்கு என் பேர்தான் முதலில் வருகிறது. சீ.

ஆகஸ்ட் 23. சனி

கோலின் ஓட்ட, கம்பாருக்குப் போனோம். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வழியெல்லாம் வார்த்தையை அடுக்கிக்கொண்டே போனேன்.

கடையில் மத்தியானக் கூட்டமே இல்லை. அடுக்கிவைத்த தட்டுகளுக்குப் பின்னால் மதார் சாகிப் நின்றார். அறுபது இருக்கும், மெலிந்த ஆள். பால் ஊற்றாத தே ஓ ஒன்று கேட்டேன். அவரே கொண்டுவந்து வைத்தார்.

"எங்கேருந்து வாரீங்க தங்கச்சி?"

"ஈப்போலேருந்து பாய்."

"அவ்ளோ தூரமா. ஒரு வாரமா இந்தக் கடைக்குத் திட்டத்தான் ஆள் வருது. நீங்க தேத்தண்ணி குடிக்க வந்திருக்கீங்க."

அவருக்குப் பின்னால் சமையலறைக் கதவோரம் அந்தப் பெண் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். படத்தில் பார்த்த முகம்தான். அந்தச் சிரிப்பு இல்லை. மேசையில் அவள் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்க்காமலேயே கவிழ்த்து வைத்தாள்.

நான் அந்தத் தேயை முழுசாகக் குடித்தேன். எழுந்து காசு நீட்டினேன். "வேணாம் தங்கச்சி. நல்ல மனசோட வந்திருக்கீங்க" என்று கையை நகர்த்திவிட்டார்.

காரில் கோலின் கேட்டார். "சொல்லிட்டியா?" இல்லை என்றேன்.

ஆகஸ்ட் 24. ஞாயிறு

மனசில் பாவத்தை வைத்துக்கொண்டு நற்கருணை வாங்கப் போகவில்லை. பமேலா அக்கா இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

ஆகஸ்ட் 26. செவ்வாய்

ஜெபக் குழுவில் சொன்னால் போதுமா என்று யோசித்தேன். போதாது. அவள் தொழில் நடக்கிற இடம் லிங்க்டின். ஆள் தேடுகிறவர்களும் வேலை தேடுகிறவர்களும் அவள் பேரைத் தட்டிப் பார்ப்பது அங்கேதான். அங்கேதான் எழுத வேண்டும். என் பேரில், என் முகத்தோடு.

காலை ஒன்பதிலிருந்து பத்தே முக்கால் வரை எழுதி எழுதி அழித்தேன். முதல் தடவை எழுதியதில் என்னைப் பற்றிய நியாயம்தான் அதிகம் இருந்தது. கலாதேவி சொன்னது ஞாபகம் வந்தது. ரெண்டு வரி. கடைசியில் இவ்வளவுதான் நின்றது:

"என் பெயர் பெட்ரீசியா லூயிஸ். ஜூன் மாதத்திலிருந்து எனக்கு வேலை இல்லை. கம்பார் அஸ்ஃபியா மதார் சாகிப் எனக்கு அனுப்பிய மெசேஜை, கம்பெனியில் விசாரிக்காமல், தோழிக்கு வந்ததாகப் பொய் சொல்லி வாட்சப்பில் போட்டவள் நான். தோழி யாரும் இல்லை. வேலை உண்மையானது. பெண்கள் யாரும் காணாமல் போகவில்லை. அதை எப்படி எல்லாருக்கும் அனுப்பினீர்களோ, இதையும் அப்படியே அனுப்புங்கள்."

ஆங்கிலத்திலும் மலாயிலும் கீழே எழுதினேன். போட்டேன். ஜெபக் குழுவிலும் போட்டேன். பிறகு போனை அரிசி வாளிக்குள் வைத்து மூடிவிட்டுத் துணி காயப்போடப் போனேன்.

ஆகஸ்ட் 27. புதன்

குழுவில் ஒரு கைகூப்பு கூட இல்லை.

ஆகஸ்ட் 28. வியாழன்

பமேலா அக்கா எங்கள் வீட்டு வாசலில். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"வேலை போனதை என்கிட்ட சொல்ல உனக்கு வாய் வரல. ஊருக்கே எழுதத் தெரியுது."

"சொன்னா நீங்க எல்லார்கிட்டயும் சொல்லிருவீங்கன்னு பயம் அக்கா."

"அந்தக் குரல் பதிவை நானும் நாப்பது பேருக்கு அனுப்பினேன்லா" என்றார். பிறகு, "நாப்பது பேருக்கும் உன் எழுத்தை அனுப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிப் போனார்.

செப்டம்பர் 2. செவ்வாய்

அஸ்ஃபியாவிடமிருந்து. நான் பிளாக்கை எடுத்துப் பத்து நாள் ஆகிறது. ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டே திறந்து பார்ப்பேன்.

"அக்கா, திங்கட்கிழமைலேர்ந்து வேலைக்குத் திரும்பப் போறேன். உங்களை மன்னிச்சிட்டேன்னு இப்ப சொல்ல முடியல. உங்க ஃபைலை நான் பார்க்க மாட்டேன். என்கூட வேலை செய்யிற ஷாஹித்கிட்ட கொடுத்திருக்கேன். பத்து காஜா இடம் முடிஞ்சிருச்சு. தாப்பாவுல ஒண்ணு இருக்கு. அத்தா உங்க எழுத்தை அச்சடிச்சுக் கடைக் கல்லாவுக்கு மேல ஒட்டியிருக்காரு."

என் பேர், என் படம், ஜூன் மாதத்திலிருந்து வேலை இல்லை. கம்பாரில் சோறு சாப்பிட வருகிற அத்தனை பேரும் படிப்பார்கள். ஒட்டட்டும். பச்சை வளையத்தைப் போட்டுக்கொண்டேன். இனி யாருக்கு மறைக்க?

செப்டம்பர் 5. வெள்ளி

தாப்பா கம்பெனிக்கு முதலில் நானே போன் போட்டு, ஷாஹித் என்று ஒருவர் உங்களுக்கு ஆள் எடுக்கிறாரா என்று கேட்டேன். ஆமாம் என்றார்கள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

செப்டம்பர் 11. வியாழன்

இண்டர்வியூ முடிந்தது. ஒரு சீன மேனேஜர் அம்மா. என் லிங்க்டின் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார். "இது நீங்க எழுதினதா?" ஆமாம் என்றேன். "யாராவது எழுதச் சொன்னாங்களா?" இல்லை என்றேன். ஏதோ குறித்துக்கொண்டார். அடுத்த வாரம் சொல்கிறார்களாம். நல்லதா கெட்டதா, அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

திரும்பி வரும் வழியில் கம்பாரில் இறங்கினேன். கடையில் கூட்டம். கல்லாவுக்கு மேலே என் காகிதம், ஓரத்தில் எண்ணெய் பட்டு. மதார் சாகிப் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தங்கச்சி என்று கூப்பிடவில்லை.

"என்ன வேணும்?"

"தே ஓ. பாய், அன்னைக்கு வந்தப்பவே சொல்லியிருக்கணும். குடிச்சிட்டு சும்மா போயிட்டேன்."

அவர் உள்ளே பார்த்து ஒரு தே ஓ சொன்னார். தே ஓ வந்தது. குடித்தேன். எழுந்து போய்க் காசை நீட்டினேன்.

இந்தத் தடவை கையை நகர்த்தவில்லை, வாங்கிக்கொண்டார். சில்லறையை எண்ணி என் கையில் வைத்தார்.