நீ பார்க்காமல் வைத்திருந்த கடல்

இன்று மத்தியானம் சிராங்கூன் சாலையில் ஒரு துணிக்கடையைத் தாண்டி நடக்கும்போது உள்ளே யாரோ புதுத் துணி கிழித்தார்கள். கத்தரியால் ஒரு சின்ன வெட்டு, பிறகு இரண்டு கையாலும் ஒரே இழுப்பு. அந்தச் சத்தத்தோடு கஞ்சி மணமும் வாசலுக்கு வந்தது. கையில் காய்கறிப் பையோடு நடைபாதை நடுவிலேயே நின்றுவிட்டேன். பின்னால் வந்த ஒரு அம்மாள், "அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க லா, வழியில நிக்கிறீங்க" என்றார். தள்ளி நின்றேன். நீ ஒவ்வொரு சாயங்காலமும் வேலை முடிந்து சட்டையோடு வீட்டுக்குக் கொண்டுவந்த மணம் அது.

நீ போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ரயில் ஓடத் தொடங்கிவிட்டது தெரியுமா? சாலையெல்லாம் தோண்டிப் போட்டிருந்தபோது, "இது முடியறதுக்குள்ள நமக்கு நரைச்சிடும்" என்று நீ திட்டிக்கொண்டிருந்த அந்த ரயில்தான். எனக்கு நரைத்துவிட்டது. உனக்கு ஒரு வரி எழுத இத்தனை நாள் கை வரவில்லை. இன்று வந்திருக்கிறது.

ஹை ஸ்திரீட்டில் நீ வேலை பார்த்த கடைக்கு நான் முதலில் வந்தது அக்கா கல்யாணத்துக்குச் சட்டைத் துணி எடுக்க. நீலத்தைக் காட்டச் சொன்னேன். நீ காட்டவில்லை. நான் போட்டிருந்த சட்டையின் காலரை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இத உங்களுக்கு யாரு வித்தா? நல்லா ஏமாத்திட்டாங்க" என்றாய். பிறகு காப்பித்தூள் நிறத்தில் ஒரு துணியை மேசைமேல் விரித்தாய். "நீலத்த ஊரே போடுது. இத எடுங்க, நான் பொறுப்பு. தைச்சதும் போட்டுட்டு வந்து காட்டுங்க." தைத்ததும் போட்டுக்கொண்டு வந்து காட்டினேன். எல்லா வாடிக்கையாளரிடமும் அப்படித்தான் சொல்வாய் என்று பின்னால்தான் தெரிந்தது. நிஜமாகவே வந்து காட்டிய ஒரே ஆள் நான்தானாம். நம் கதையை யாரிடமாவது சொல்ல நேர்ந்தால் நீ இங்கிருந்துதான் தொடங்குவாய். சொல்லக்கூடியவர்கள்தான் மிகக் கொஞ்சம்.

அந்தக் கொஞ்சம் பேரும் ஞாயிறு மத்தியானங்களில் நாம் இருவரும் குடியிருந்த ஜூ சியாட் வீட்டு மாடிக்கு வந்துவிடுவார்கள். வாடகை வீடு, இரண்டு அறை, இரண்டு கட்டில். ஒரு கட்டில் உறவினர்கள் வந்தால் பார்ப்பதற்காக மட்டும் விரித்து வைத்தது. முடி திருத்தும் ஃப்ரெடி இசைத்தட்டுகளைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்கப் படியேறி வருவான். நீ தெருப்பக்கத்து ஜன்னல்களின் திரையை இழுத்துவிடுவாய். அந்தத் திரைத்துணியை நீயே தேர்ந்தெடுத்திருந்தாய். கனமானது, ஆனாலும் வெயில் அதன் வழியே மஞ்சளாக வடிந்து வரும். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் ஆண்கள் ஒருவரையொருவர் தோளில் பிடித்துக்கொண்டு ஆடுவார்கள். எனக்கு ஆட வராது. நீ என் காலை உன் கால்மேல் ஏற்றி வைத்துக்கொண்டு, "நீ சும்மா நில்லு, நான் பாத்துக்கிறேன்" என்பாய். கீழே கடை வைத்திருந்த சீனர் கூரையைக் கம்பால் தட்டினால் பாட்டைக் குறைப்போம். வாசலில் யாராவது மணி அடித்தால் எல்லாரும் ஒரே நொடியில் நாற்காலிகளுக்குப் போய் உட்கார்ந்து பந்தாட்டம் பேசத் தொடங்குவோம். பிறகு சிரிப்போம். அந்தச் சிரிப்பில் எவ்வளவு பயம் இருந்தது என்று இப்போது தெரிகிறது.

அதே ஞாயிறுகளில் காலையில் நீ அப்பர் சிராங்கூனுக்குப் போய் உன் அம்மாவைப் பூசைக்கு அழைத்துப் போவாய். திரும்பும்போது கையில் அடுக்குச் சட்டி இருக்கும். கோழிக் குழம்பு, கத்தரிக்காய், மேல் தட்டில் சோறு. "யாருக்கு இவ்வளவு சோறுன்னு அம்மா கேக்கவே மாட்டாங்க" என்பாய். கிறிஸ்துமஸ் மத்தியானங்களில் என்னையும் கூட்டிப் போவாய். உன் அம்மா, எனக்கு ஆன்ட்டி, என் தட்டில் மீனைப் போட்டுவிட்டு, "சாப்புடு தம்பி, முள்ளு பாத்து" என்பார். உனக்கு எப்போது கல்யாணம் என்று உறவுக்காரர்கள் கேட்டால் அவர் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்.

மதராஸ் போனது நினைவிருக்கிறதா? அப்போது நான் பாய லேபார் விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் இருந்தேன். எனக்கு ஊழியர் சீட்டு, இடம் மிஞ்சினால்தான் ஏறலாம். மனைவியாக இருந்தால் அதே சலுகையில் உடன் அழைத்துப் போகலாம். உனக்கு அதில் இடமில்லை. நீ முழுச் சீட்டு வாங்கிக்கொண்டாய். கடைசி நேரத்தில் விமானம் நிறைந்துவிட, நீ ஏறினாய், நான் நின்றுவிட்டேன். அடுத்த விமானம் இரண்டு நாள் கழித்து. உனக்கு அந்த ஊரில் யாரையும் தெரியாது. நான் வந்து இறங்கியபோது, கசங்கிய துணியைப் பார்த்தாலே முகம் சுளிக்கும் நீ, கசங்கிய சட்டையோடு டாக்ஸிக்காரர்கள் நடுவில் நின்றுகொண்டிருந்தாய்.

"என்னடா பார்த்த ரெண்டு நாளா?"

"லாட்ஜு. ஏர்போர்ட்டு. லாட்ஜு."

"மெரினா?"

"பக்கத்துலதான் இருக்காம். போகல. நீ வரட்டும்னு வச்சிருந்தேன்."

அன்று சாயங்காலமே போனோம். கடலைப் பார்த்ததும், "இதுக்கா ரெண்டு நாள் காத்திருந்தேன், நம்ம சாங்கி பரவால்ல லா" என்றாய். ஆனால் இருட்டும்வரை எழுந்திருக்க விடவில்லை. பிறகு உன் அம்மாவின் நேர்ச்சைக்காக வேளாங்கண்ணி போனோம். விடுதியில் பெயர் எழுதியவர், "அண்ணன் தம்பியா?" என்று கேட்டார். "ஆமா சார், பாத்தா தெரியலயா? நான் அழகான தம்பி" என்றாய். ஒரே அறை கிடைத்தது.

என் அக்காவிடம்தான் நமக்கு நெடுநாள் வழி திறக்கவில்லை. பிடோக்கில் தனக்குப் புது வீடு வந்த வருடம் அக்கா எனக்கு ஒரு பெண் பார்த்தாள். நல்ல பெண், ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை. எனக்கு அக்காவிடம் முடியாது என்று சொல்லத் தைரியம் இல்லை. சும்மா ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன் உன்னிடம். நீ கோபப்படுவாய் என்று எதிர்பார்த்தேன். நீ இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாய்: "எனக்காகச் சொல்லல. அந்தப் பொண்ணு புதுச் சேலை கட்டிட்டு உக்காந்திருக்கும். அது என்ன பாவம் பண்ணுச்சு?"

மறுநாள் அக்காவிடம் கல்யாணமே வேண்டாம் என்றேன். காரணம் கேட்டாள். காரணம் நம் வீட்டில் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அவள் அழுதாள். அதன் பிறகு அடுத்த தீபாவளி வரைக்கும் என்னோடு பேசவில்லை. அந்தத் தீபாவளிக்கு நீயேதான், "வா, கதவ மூடுனா மூடட்டும்" என்று என்னை இழுத்துக்கொண்டு போனாய். அக்கா கதவை மூடவில்லை. பேசவும் இல்லை. நீ கூடத்தில் நின்று அவள் வீட்டுத் திரைகளையே பார்த்துக்கொண்டிருந்தாய். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. இந்த வீட்டுக்குக் காலை வெயில் நல்லா வருது. இந்தக் கறுப்புத் துணி அத அடைக்குது." அக்கா திரையின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வேற என்ன போடலாம்?" என்று கேட்டாள். அடுத்த வாரம் இளம்பச்சையில் நீயே கொண்டுபோய் மாட்டிக் கொடுத்தாய். அதன் பிறகு ஒவ்வொரு தீபாவளியும் அங்கேதான். விருந்தாளிகளிடம் மட்டும் அக்கா, "தம்பியோட ரூம்மேட்" என்பாள். நீ எழுந்து கும்பிடுவாய்.

பிறகு உன் சட்டைக் காலர்கள் தளர ஆரம்பித்தன. வயிற்று வலி என்றாய். காரம் என்றாய். மருத்துவர் கட்டி என்றார், அதுவும் தாமதமாக.

மருத்துவமனையில் ஒரு சமயத்தில் இருவருக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். ஆன்ட்டி காலையிலிருந்து உன் பக்கத்தில் இருப்பார், நான் வேலை முடிந்து, விமான நிலையம் மாறிப் போயிருந்த சாங்கியிலிருந்து ஓடி வருவேன். அவர் முன்னால் நீ தமாஷ் பேசிக்கொண்டே இருப்பாய். தாதியின் சீருடைத் துணி மட்டம் என்பாய். ஒருநாள் நான் வந்ததும் ஆன்ட்டி செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு எழுந்தார். வராந்தாவில் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"தம்பி, நீ உள்ள போ. நான் வெளிய இருக்கேன். நான் இருந்தா அவன் அழ மாட்டேங்கிறான்."

கதவைச் சாத்திக்கொண்டேன். நீ அழுதாய். அன்றிலிருந்து தினமும் அவர் எனக்கு அந்த நேரத்தை ஒதுக்கிக் கொடுத்தார். வெளியே பெஞ்சியில் அவர், உள்ளே நாம்.

நீ இறந்த அன்று காலை அவர் தொலைபேசியில் கேட்டது ஒன்றுதான். "அவனுக்கு எந்தச் சட்டை? நீதான் சொல்லணும்." வெள்ளைப் பருத்தியை எடுத்து நானே இஸ்திரி போட்டேன். காலரை இரண்டு முறை.

உன் அம்மா வீட்டு அடுக்குமாடிப் புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் உன்னைக் கிடத்தியிருந்தார்கள். வெளிநாட்டில், பெர்த்தில் இருந்து வந்த உன் அண்ணன், துக்கத்துக்கு வந்தவர்கள் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு மேசையாக வந்து கை கொடுத்தார். நானும் ஃப்ரெடியும் கடைசி மேசையில், நண்பர்களோடு. "அவன்கூட ரூம்ல இருந்தவரா நீங்க? வந்ததுக்கு ரொம்ப தேங்ஸ்" என்றார். நல்ல மனிதர். உன்னை வழியனுப்ப வந்ததற்கு எனக்கு ஒருவர் நன்றி சொல்கிறாரே என்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தேவாலயத்திலும் பின்வரிசைதான். தீர்த்தம் தெளிக்கும் வரிசையில் எல்லாரோடும் நின்று, என் முறை வந்தபோது தெளித்துவிட்டு நகர்ந்தேன். பின்னால் நிறையப் பேர் காத்திருந்தார்கள்.

அந்த வருடத் தீபாவளிக்கு நான் போவதாக இல்லை. அக்காவே வந்தாள், பலகாரமில்லாத வெறும் கையோடு. அத்தான் வீட்டு உறவினர்கள் எல்லாரிடமும் தொலைபேசியில் அவள் சொல்லிவிட்டாளாம்: "இந்த வருஷம் எங்களுக்குத் தீபாவளி இல்ல. வீட்டுல ஒரு சாவு." யார் என்று கேட்டவர்களுக்கு உன் பெயரைச் சொல்லியிருக்கிறாள். பெயரை மட்டும். நீ கேட்டிருக்க வேண்டும்.

ஞாயிறுகளில் இப்போது நான் உன் அம்மாவைப் பூசைக்கு அழைத்துப் போகிறேன். எனக்கு எப்போது முழந்தாளிட வேண்டும் என்று இன்னும் தெரியாது, அவரைப் பார்த்துப் பார்த்துச் செய்கிறேன். போன ஞாயிறு வீடு திரும்பியதும் அவர் முக்காட்டை மடித்துக்கொண்டே கேட்டார்.

"ஆஸ்பத்திரியில அவன் அழுதானே, வலியிலயா?"

"இல்ல ஆன்ட்டி."

"அப்புறம்?"

இவ்வளவு காலம் அவர் கேட்காததால் நான் சொல்லாமல் இருந்தேன். கேட்டபின் மறைக்க முடியவில்லை. "அம்மாகிட்ட சொல்லாமலே போறேனேன்னு அழுதான்."

எதை என்று அவர் கேட்கவில்லை. முக்காட்டை மடித்த மடிப்பைப் பிரித்து மறுபடி மடித்தார். "அவனா சொல்லட்டும்னு இருந்தேன். அம்மா தாங்க மாட்டாங்கன்னு அவன் இருந்திருக்கான். எனக்குத் தெரியும்டான்னு ஒரு வார்த்த... நானாச்சும் சொல்லியிருக்கலாம்." பிறகு என்னைப் பார்த்தார். "நீ யாருகிட்டப்பா அழற?"

அவர் சோபாவில் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார். அன்றுதான் முதல் தடவையாக உனக்காக ஒருவர் முன்னால் அழுதேன்.

உன் வார்த்தையை அவரிடம் சேர்த்துவிட்டேன். அவருடையதை உன்னிடம் சேர்க்க எனக்கு வழியில்லை. பேருந்திலும் வேலையிலும் சிராங்கூன் சாலைக் கூட்டத்திலும் அதை வைத்துக்கொண்டு நடக்கிறேன்.

அவங்களுக்குத் தெரியும்டா. எப்பவோ தெரியும்.