ஒரே ஆளுக்கு இரண்டு நோயாளி

இரும்புலியூர்
14.9.2003

அன்பு மகள் ஜோவிதாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் சுகம், அப்பாவுக்கு முழங்கால் வலிதான் மழைக்கு முன்பே வந்துவிட்டது. டொராண்டோவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்கு ஆபீசில் ஒரே குழப்பம், நீயும் இதே வேலை பார்க்கிறவள் என்பதால் எழுதுகிறேன். ஆஸ்பத்திரி சாஃப்ட்வேருக்கு நான்தானே டிசைன் போட்டேன், நோயாளி ஒரு ஆப்ஜெக்ட், கட்டில் ஒரு ஆப்ஜெக்ட், ஒவ்வொன்றும் தன் விவரத்தைத் தானே வைத்துக்கொண்டு கேட்டால் சொல்லும், பேப்பரில் அழகாகத்தான் இருந்தது. இந்த முறை அவற்றைத் தனித்தனியாக ஓடும் காம்பொனென்ட்டாக்கி வேறு வேறு சர்வர் கம்ப்யூட்டரில் வைக்கச் சொன்னார்கள், நானும் அப்படியே தூக்கி வைத்தேன். போன வாரம் ஆஸ்பத்திரிக்கு அதைச் சோதனை பண்ணப் போனபோது ஒரு பிரசவ கேஸ் வந்தது. ஸ்கிரீனில் பேர் வந்தது, வயசு வரவில்லை, ஒவ்வொரு விவரத்துக்கும் புரோகிராம் தனித்தனியாக அந்த சர்வருக்குப் போய்த் திரும்புகிறது. கவுன்ட்டரில் நோயாளிகள் பேரைப் பதிகிற காமு, "இன்னா மேடம், இன்னும் சுத்திக்கினே கீது?" என்றாள். அந்தப் பெண் வலியில் கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். காமு ஒரு துண்டுச் சீட்டில் பேரை எழுதி மாடிக்கு அனுப்பிவிட்டாள். தாயும் பிள்ளையும் சுகம்.

மேனேஜர் ஹேமநாத், உன்னைவிடக் கொஞ்சம்தான் பெரியவர், எல்லா விவரத்தையும் ஒரே தடவையில் தருகிற பெரிய காம்பொனென்ட்டாக மாற்றச் சொன்னார். மாற்றினேன், வேகம் வந்துவிட்டது. ஆனால் பில் போட வெளியிலிருந்து ஒரு காம்பொனென்ட் வாங்கியிருக்கிறார்கள், அதைத் திறந்து பார்க்க முடியாது, அதற்குள்ளும் அதே ஆளுக்கு இன்னொரு நோயாளி இருக்கிறார்! நான் இங்கே பேரைத் திருத்தினால் அங்கே பழைய பேரே நிற்கிறது. எதை நிஜமென்று எடுப்பது, யாருடைய பில் யார் தலையில் விழும் என்று யோசித்து யோசித்து நேற்று சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் திங்கட்கிழமையே இதை ஆஸ்பத்திரியில் ஆரம்பித்துவிடலாம் என்றார்கள், எல்லோரும் தலையாட்டினார்கள். நான் எழுந்து, "எனக்குப் புரியலை, புரியாம இதை அந்தக் கவுன்ட்டர்ல வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன். ஹேமநாத் மெதுவாக, "எனக்கும் புரியலை மேடம், கேட்டா கேவலமா இருக்கும்னு பேசாம இருந்தேன்" என்றார். அதைக் கேட்டதும் இன்னும் இரண்டு பேர் தங்களுக்கும் புரியவில்லை என்றார்கள். திங்கட்கிழமை ஆரம்பிப்பது நின்றுபோயிற்று.

உங்கள் ஆபீசில் இதை எப்படிச் செய்கிறீர்கள், படம் போட்டு எழுது. குளிருக்கு நல்ல கோட்டு வாங்கிக்கொள், ஞாயிறு ஆராதனையை விட்டுவிடாதே. ஆண்டவர் உன் பக்கத்திலேயே இருந்து உன்னை ஆசீர்வதிப்பாராக.

இன்னும் குழப்பம் தீராத
உன் அம்மா,
ரத்தினபாய்