கிள்ளான் வண்டியில் பதினொரு பெட்டைகள்

இன்று நடுப்பகலில் எங்கள் ஆசிரியர் விடுதியின் பின்புறம் ஒரு கோழி வாயைத் திறந்தபடி நின்றது. இறக்கைகளை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டு, தொண்டை துடிக்க, நகரக்கூட மனமில்லாமல் நின்றது. கிள்ளானில் மழை பெய்து பத்தொன்பது நாள் ஆகிறது. சமையல்கார அக்கா அதன் முன்னால் ஒரு கை நெல்லை இறைத்தார்.

"இப்பப் போடாதீங்கக்கா. தின்னா உடம்பு இன்னும் சூடாகும். தண்ணி மட்டும் நெழல்ல வைங்க. வெயில் எறங்கினதும் தீனி போடலாம்" என்றேன்.

"டீச்சர் மெட்ராஸ்ல போயி கோழிக்குமா படிச்சீங்க?" என்று சிரித்தார்.

யாரிடம் படித்தேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மதியச் சாப்பாடு ஆறிப்போகும்வரை சொல்லியிருப்பேன். கேட்காததால் உனக்கே எழுதுகிறேன். நீ போய் மூன்று ஆண்டுகள் ஆகின்றன.

பிரிக்பீல்ட்ஸ் மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை நாம் ஒரே பெஞ்சு. அதன்பின் உனக்குக் கல்யாணம் ஆயிற்று. எஞ்சினில் கரி அள்ளிப்போடும் வேலைக்காரரைக் கட்டிக்கொண்டு எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸிலேயே பின் வரிசைக்குக் குடிவந்தாய். நான் மிஷன் உதவியில் மேலே மேலே படித்துக் கப்பலேறிச் சென்னைக்குப் போனேன். பி.ஏ. முடித்துத் திரும்பியபோது வரிசையில் எல்லோரும் என்னிடம் பேசும் விதம் மாறியிருந்தது. கைகாட்டி வேலை பார்த்த என் அப்பாவே என்னிடம் காப்பி கேட்கத் தயங்கினார். அவர்கள் காட்டிய மரியாதை என் இயல்பான கூச்சத்தை இரண்டு பங்காக்கிற்று. நான் வீட்டுக்குள்ளேயே இருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நீ மட்டும்தான் கத்தினாய்:

"ஏய் பி.ஏ.! சும்மாதானே இருக்கே? வந்து இந்தக் கோழியப் புடி."

உன் கோழிக்கூண்டைப் போல ஒன்றை நான் அதற்குமுன் கவனித்துப் பார்த்ததில்லை. மற்ற வீடுகளில் தகரக் கூரை வெயிலில் கொதிக்கும். நீ தகரத்தின்மேல் லாலான் புல்லைக் கனமாகப் பரப்பி, காலையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவாய். தண்ணீர்ச் சட்டிகளை வாழை மரங்களுக்கடியில் கழுத்துவரை மண்ணில் புதைத்திருந்தாய். விடியுமுன் ஒரு தீனி, சூரியன் இறங்கியபின் ஒரு தீனி. நடுவில் வாழைத்தண்டும் நறுக்கிய சின்ன வெங்காயமும் நீராகாரமும்தான். கோழிகள் புரண்டு குளிக்க உன் வீட்டுக்காரர் ரயில் கரிச்சாம்பலை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டுவார். பன்னிரண்டு மணிக்கு மேல் யாராவது கோழியைத் துரத்தினால் உனக்குக் கோபம் வரும். "நீ ஓடுவியா இந்த வெயில்ல? அதுக்கு வேர்க்காது. மூச்சுதான் அதுக்கு வேர்வை" என்பாய்.

அந்த ஆண்டு நீ வளர்த்தது சும்மா இல்லை. கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து உண்டாகியிருந்தாய். பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாளும் இளம் பெட்டைக் கோழிச் சாறு கொடுக்க வேண்டும். அதைத் தாய் வீட்டில்தான் வளர்த்து வைப்பார்கள். உனக்குத் தாய் இல்லை. நாள் கணக்குப் பார்த்து முட்டை அடைவைத்து, பதினொரு பெட்டைகளை ஆளாக்கியிருந்தாய்.

"எங்கம்மா இருந்தா அவ வளர்த்திருப்பா. இல்ல. அதான் நானே எனக்கு அம்மாவா இருந்துக்கறேன்" என்று ஒருநாள் சொன்னாய். சொல்லிவிட்டு உடனே, "என்ன பாக்கறே? அந்தச் சட்டியில தண்ணி இருக்கா பாரு" என்றாய்.

உனக்கு எட்டாவது மாதம் நடந்தபோது முன் வரிசையில் யாழ்ப்பாணத்துக் கிளார்க் வீட்டில் கோழிகள் வெள்ளையாகக் கழிந்து செத்தன. மூன்றே நாளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நீ அன்று சோறு தின்னவில்லை. கிள்ளானில் இருந்த உன் அக்கா வீட்டுக்குப் பெட்டைகளை அனுப்பிவிடுவது என்று முடிவுசெய்தாய். நீ ரயிலேறக் கூடாதென்று மருத்துவச்சி சொல்லியிருந்தாள். உன் வீட்டுக்காரர் ஈப்போ வண்டியில் போயிருந்தார். நீ என்னைப் பார்த்தாய்.

"மொத வண்டியிலயே போயிரு. வெயில் ஏறக்கூடாது. கூடையக் கடைசியில இருக்கற கார்டு வண்டியில ஏத்தணும், அங்கதான் காத்து வரும். கார்டுகிட்ட நீ கேக்கணும். மூடாதே. என்ன, கேப்பியா?"

கேட்பேன் என்றேன்.

கார்டு உயரமான யுரேசியர்; வெள்ளைக்காரக் கலப்பு, ஆங்கிலம்தான் பேசுவார். மேடையில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். அவரிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை ஒரு தூணுக்குப் பின்னால் நின்று ஆங்கிலத்தில் ஏழெட்டுத் தடவை சொல்லிப் பார்த்தேன். இலக்கணம் சரியாகத்தான் இருந்தது. கால்தான் நகரவில்லை. அப்போது என் பழைய பள்ளி ஆசிரியைகள் இரண்டு பேர் எதிரே வந்து, சென்னையிலிருந்து எப்போது வந்தாய் என்று விசாரித்தார்கள். நான் கூடையைக் காலால் பின்னுக்குத் தள்ளி, புடவையால் மறைத்துக்கொண்டு பதில் சொன்னேன். அவர்கள் வாழ்த்திவிட்டுப் போகும்போது வண்டியும் போய்விட்டது.

அடுத்த வண்டி பதினொரு மணிக்கு. இம்முறை கார்டு பக்கம் போகவே இல்லை. குழாயடியில் ஒரு கோணிச்சாக்கை நனைத்துக் கூடையை இறுக்க மூடினேன். ஈரச்சாக்கு குளிர்ச்சி தரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் யாரும் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான் மூடினேன். மூன்றாம் வகுப்பில் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன். கோழிகள் கொக்கரித்தபோதெல்லாம் இருமினேன். எதிரே இருந்த அம்மாள், "வறட்டு இருமலா? பனங்கல்கண்டு வெச்சுக்கம்மா" என்றார்.

பெட்டாலிங் தாண்டியபின் கூடையிலிருந்து சத்தம் வரவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. நடந்த எல்லாவற்றையும் பின்னால் உன்னிடம் சொன்னேன். இந்த நிம்மதியை மட்டும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

கிள்ளானில் உன் அக்கா சாக்கை அவிழ்த்தார். உள்ளிருந்து சோற்றுப் பானையின் ஆவிபோல் வெக்கை எழுந்தது. "அடிப்பாவி! யாரு உன்ன மூடச் சொன்னது?" என்றார். ஏழு செத்துக் கிடந்தன. நான்குக்கு உயிர் இருந்தது. அவர் அவற்றின் கால்களைத் தண்ணீரில் நனைத்து, அலகை நீவி, ஒவ்வொரு சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பிழைக்கவைத்தார். நான் பக்கத்தில் நின்றேன். அதற்கும் நான் உதவவில்லை.

சாயங்காலம் நீ வேலியருகே காத்திருந்தாய். சொன்னேன். கவிழ்த்த வாளிமேல் மெல்ல உட்கார்ந்தாய்.

"நாலு இருக்கா?"

"இருக்கு."

"கார்டுகிட்டக் கேட்டியா?"

"இல்ல."

"ஏன்?"

"வெட்கமா இருந்துச்சு."

நீ திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். உன் கை வயிற்றின்மேல் இருந்தது. பிறகு என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாய். கூடைப்பிடி அறுத்துக் கன்றியிருந்தது. உள்ளே போய்த் தேங்காயெண்ணெய் எடுத்துவந்து தடவினாய். அப்போதுதான் நான் அழுதேன்.

"அழுதா கோழி வருமா? நாளைக்குக் காலையில வீடு வீடாப் போறே. எனக்கு ஏழு பெட்டை வேணும். இந்த வயித்தத் தூக்கிக்கிட்டு நான் போக முடியாது. என்ன நடந்துச்சுன்னு சொல்லிக் கேக்கணும். சும்மா கேக்கக் கூடாது."

"எல்லாத்தையும் சொல்லணுமா?"

"சொல்லித்தான் பாரேன்லா. உசுரா போயிரும்?"

போனேன். முதல் வீட்டு வாசலில் அந்த வீட்டம்மாள் தற்செயலாக வெளியே வரும்வரை நின்றேன். கிளார்க் மனைவி, "எங்கட கோழி எல்லாம் செத்துப்போச்சு, என்னட்ட வந்து கேக்கிறியே பிள்ளை" என்று கதவைச் சாத்தினார். ஒரு வீட்டில் முட்டை கொடுத்தார்கள். ஒரு வீட்டில் அறிவுரை. ஆற்றோரத்துச் சீனத் தச்சரின் மனைவி நான் சொன்னதில் பாதியைத்தான் புரிந்துகொண்டாள். நான் என் வயிற்றின் முன்னால் கையை வளைத்துக் காட்டி, "ஆயாம், ஆயாம்" என்று மலாயில் சொல்லிக் கோழியைக் காட்டியதும் வாய்விட்டுச் சிரித்தாள். அவர்களுக்கும் பிரசவத்துக்கு இஞ்சியும் கோழியும்தானாம். பிள்ளை பிறந்ததும் வா என்று சாடை காட்டி, தன் கறுப்புக் கோழியின் காலில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவைத்தாள். ஒன்பது வீடு ஏறி இறங்கியதில் மூன்று கோழிகள்தான் கிடைத்தன. ஆனால் ஒன்பதாவது வீட்டில், "வெட்கப்பட்டுக் கூடைய மூடிட்டேன், ஏழு செத்துப்போச்சு" என்று தலைகுனியாமல் சொன்னேன். கணக்குச் சொன்னபோது நீ, "ஏழுக்கு மூணா? பரவால்ல. நான் என்ன ஆனையா?" என்றாய்.

ஒரு காலை வேளையில் உனக்கு மகள் பிறந்தாள். முதல் சாறு அந்தக் கறுப்புக் கோழியில்தான். தச்சர் மனைவி இஞ்சியைத் தானே தட்டிக் கொடுத்தனுப்பியிருந்தாள். கிள்ளானில் பிழைத்த நான்கையும் உன் வீட்டுக்காரர் கார்டு வண்டியில், திறந்த கூடையில் கொண்டுவந்தார்.

குழந்தைக்கு இரண்டு வயதானபோது உனக்குக் காய்ச்சல் கண்டது. நான் அதற்குள் இங்கே வேலைக்கு வந்துவிட்டிருந்தேன். தகவல் கிடைத்து வண்டி பிடித்து வந்தபோது முற்றம் நிறைய ஆட்கள் நின்றார்கள். உன் கூண்டுக் கதவை யாரும் திறந்துவிட்டிருக்கவில்லை. நான் திறந்துவிட்டேன். அன்று என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

வகுப்பில் சத்தம் போடுகிற பிள்ளைகளை நான் அதட்டுவதில்லை. ஒரு பெண் வெகுநேரம் சத்தமில்லாமல் இருந்தால்தான் எழுந்து போய்ப் பார்க்கிறேன். சில நாள் காய்ச்சலாக இருக்கும், சில நாள் காலைச் சாப்பாடு இருந்திருக்காது. அமைதியான பிள்ளைகள் நல்ல பிள்ளைகள் என்று மற்ற டீச்சர்கள் சொல்கிறார்கள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.

உன் மகள் இப்போது ரவாங்கில் உன் மாமியாரிடம் இருக்கிறாள். ஐந்து வயது. போன மாதம் போய், என்னோடு விடுதியில் வைத்துப் படிக்கவைக்கிறேன், அனுப்புங்கள் என்று கேட்டேன்.

"பொட்டப்புள்ளைக்கு அம்புட்டுத் தூரத்துல என்னா படிப்பு?" என்றார் உன் மாமியார். உன் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார்.

அடுத்த சனிக்கிழமையும் போய்க் கேட்டேன். முடியாது என்றார். அதற்கடுத்த சனிக்கிழமை வாசலிலேயே நின்று, அந்த லயத்து வரிசை வீடுகளெல்லாம் கேட்கும்படி, நீ பட்டதையும் நான் பட்டதையும் சொல்லிக் கேட்டேன். அக்கம்பக்கத்தார் வெளியே வந்து பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றிருந்தது. உன் மகள் கதவிடுக்கில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உன் மாமியார் தலையில் கைவைத்துக்கொண்டு மகனிடம் சொன்னார்: "யாருடா இவ? வாய் மூடவே மாட்டேங்கிறா! லீவுக்குக் கொண்டாந்து விட்டுறணும்னு சொல்லிக் கூட்டிட்டுப் போகச் சொல்லு, என் காது போகுது."

வாய் மூடாதவள் என்று அவர் சொன்னது என்னைத்தான். உன்னைத் தவிர வேறு யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.