மூலைக்கடைப் படிகள்

சேலையூர்
14 ஜூன் 2024

அன்புள்ள ஹேமா,

கர்த்தருடைய கிருபையால் இங்கே சுகம். ஸ்ரீவித்யா எப்படி இருக்கிறாள்? வயிற்றில் இரண்டு என்றால் பாடும் இரண்டு பங்குதான். படுக்கையை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு அவளுக்கு அம்மா உன்னைத் தவிர யார்? எத்தனை மாதம் ஆனாலும் பெற்றெடுத்துத் தேறும்வரை இருந்துவிட்டு வா. உன் வீட்டுச் செடிகளுக்கு நான் தண்ணீர் ஊற்றுகிறேன். உன் வீட்டுக்காரர் துரைராஜ் அண்ணன் ஊற்றுவதாகச் சொல்லுவார், நம்பாதே.

'போனில் பேசேன்டி' என்று எழுதியிருக்கிறாய். தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு என் குரல் எவ்வளவு என்று உனக்குத் தெரியாதா? பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கிறது, புனேவுக்கு எங்கே எட்டப் போகிறது? அதனால் இனி கடிதம்தான். பொறுத்துக்கொள்.

ஒரு கெட்ட செய்தி. பூக்காரம்மா கங்கையம்மாளைச் செவ்வாய்க்கிழமை ஒரு பைக் அடித்துவிட்டது. பள்ளிக்கூடம் விடுகிற நேரம். கேம்ப் ரோட்டில் நெரிசல் என்றால் வண்டிகள் எல்லாம் நம் தெருவுக்குள் புகுந்து பறக்கின்றனவே, அப்படி வந்த பைக். உங்கள் மூலைக்கடைக்கு எதிரே, டிரான்ஸ்பார்மர் பக்கம். இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. ஆட்டோவில் ஏற்றும்போதுகூட, "சேலையூர் மண்டபத்துக்கு மாலை குடுக்கணும், யாராச்சும் எடுத்துப் போங்கம்மா" என்றுதான் புலம்பிக்கொண்டிருந்தது அந்த அம்மா.

அன்று சாயங்காலம் தெருவே கூடிக் கத்தியது. ஒருவர் வேகத்தடை என்றார், ஒருவர் கேமரா என்றார். நானும் எதையோ சொல்ல வாயைத் திறந்தேன். என்னிடம் பள்ளியில் படித்த மாடி வீட்டு சிவகுமார், "மிஸ் பேசறாங்க, செத்த சும்மா இருங்கப்பா!" என்று ஓர் அதட்டல் போட்டான். ஹேமா, அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் உதட்டையே பார்த்தார்கள். நான் கேட்டது ஒன்றுதான். "இந்தத் தெருவுல புள்ளைங்க எங்க நடக்கணும்? யாராவது காட்டுங்க." எல்லோரும் ரோட்டின் இரண்டு ஓரத்தையும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் மாநகராட்சியிலிருந்து ஜீவிதா என்கிற பொறியாளர் வந்தாள். சின்னப் பெண், ஆனால் காது கொடுத்துக் கேட்கிறாள். வடிகால் வேலை முடிந்ததும் தெருவுக்குப் புது ரோடு வரப் போகிறதாம். "எல்லாரும் சேர்ந்து உங்களுக்கு எப்படி வேணும்னு முடிவு பண்ணிச் சொல்லுங்க மேடம். நான் வரைஞ்சு மேல கொண்டுபோறேன்" என்றாள். தெரு ஒரு குழு போட்டு, பேச முடியாத என்னைப் பார்த்துத் தலைவி என்கிறது. நீ இருந்தால் சிரித்திருப்பாய்.

ஸ்ரீவித்யாவுக்கு என் முத்தம்.

உன்
ஜோசலின்

---

புனே
27 ஜூன் 2024

அன்பு ஜோஸ்,

முருகன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சௌக்கியம். ஸ்ரீவித்யா படுத்தபடியே மடிக்கணினியில் வேலை பார்க்கிறாள். திட்டினால் திருப்பித் திட்டுகிறாள். மாப்பிள்ளை நல்ல பிள்ளை, நான் வைக்கிற குழம்பைக் காரம் தாங்காமல் கண்ணீரோடு சாப்பிடுகிறார்.

கங்கையம்மாளை நினைத்தால் மனசு ஆறவில்லை. என் கல்யாணத்துக்கு மாலை கட்டின கை. ஆஸ்பத்திரிக்குப் போனால் நான் விசாரித்ததாகச் சொல்லு.

அவர் போனில், "உன் சிநேகிதி ரோட்டுல எறங்கிட்டாங்க. தெருவையே மாத்தப் போறாங்களாம்" என்றார். கிண்டலா பெருமையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்குப் பெருமைதான். ஆபரேஷனுக்குப் பிறகு நீ கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாயே, அப்போது நான் பட்ட கவலை எனக்குத்தான் தெரியும். தெருவாவது உன்னை வெளியே இழுத்துக்கொண்டு வந்ததே!

ஆனால் வெயிலில் நிற்காதே. சாப்பிடாமல் கூட்டத்துக்குப் போகாதே. தெருவை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள், எங்கள் கடைப் படிகளை மட்டும் தொட்டுவிடாதே தாயே, அவர் பூகம்பமே பண்ணிவிடுவார்!

அன்புடன்
ஹேமாவதி

---

சேலையூர்
15 ஜூலை 2024

அன்புள்ள ஹேமா,

நீ விளையாட்டாக எழுதிய வரியை நாலு தடவை படித்துவிட்டேன். நேற்று ராத்திரியே எழுத உட்கார்ந்து, இன்றைக்குத் தள்ளிப்போட்டதும் அதனால்தான்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை தெருவை ஒரு பக்கம் அடைத்தோம். காகிதத்தில் வரைந்தால் யாருக்கும் புரியவில்லை. ஜீவிதா கொண்டுவந்த படத்தைப் பார்த்துவிட்டு, "இதுல என் வூடு எங்க கீது?" என்று ஆளுக்கு ஆள் தலைகீழாகத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். அதனால் ரோட்டிலேயே முழு அளவில் போட்டுப் பார்த்துவிடலாம் என்று முடிவாயிற்று. பெண்கள் கோலமாவு டப்பாவோடு இறங்கினார்கள். ஜீவிதா டேப்பைப் பிடிக்க, பின்னாலேயே வெள்ளைக்கோடு. நடைபாதை இது, மரம் இங்கே, தள்ளுவண்டி நிற்க இவ்வளவு இடம், பள்ளி வாசலில் ரோட்டை உயர்த்தி மேடாக்குவது இங்கே.

பார்த்திருக்க வேண்டும் ஹேமா. இதுநாள்வரை காருக்கு இடமில்லை என்று சண்டை போட்டவர்கள் கோட்டுக்குள் நடந்து பார்த்தார்கள். எலியேசர் தாத்தா தன் சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு கோடு முழுக்கப் போய், "கேட்டைத் தாண்டி வந்து ரெண்டு வருஷமாச்சு" என்றார்.

கோடு என் வீட்டு வாசலில் வண்டி ஏற்றும் சரிவின் மேல் ஏறியது. அது ரோட்டு நிலம், நான்தான் நீட்டிவிட்டிருந்தேன். எடுத்துவிடுவேன். பிறகு மூலைக்கு வந்தது. அந்தப் பக்கம் டிரான்ஸ்பார்மர், நகர்த்த முடியாது. இந்தப் பக்கம் உங்கள் படிகள். நடைபாதை அங்கே அறுந்து, பிள்ளைகள் மறுபடி ரோட்டில் இறங்கவேண்டும். கங்கையம்மாள் அடிபட்ட அதே இடத்தில். படிகள் இருப்பது உன் பட்டா நிலம், அது உன் பெயரில் இருக்கிறது, யாரும் கட்டாயப்படுத்த முடியாது என்று ஜீவிதா தெளிவாகவே சொன்னாள். "படி இல்லன்னா எப்படி இருக்கும்னு சும்மா பாக்கலாமே" என்று யாரோ சொன்னார்கள். மாவை வாங்கிப் படிகளின் மேல் கோட்டைப் போட்டது நான்.

துரைராஜ் அண்ணன் வந்தார். கத்தவில்லை. படியில் வந்து உட்கார்ந்து, காலால் கோட்டைத் தேய்த்தார். "இன்னா மிஸ், நீங்களுமா?" என்றார். அவ்வளவுதான். எழுந்து உள்ளே போய்விட்டார்.

முடிவு உன்னுடையது. நான் கேட்கிறேன் என்பதற்காக எதுவும் செய்யாதே. ஆனால் வேறு யார் வாயாலும் நீ இதைக் கேட்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

உன்
ஜோசலின்

---

புனே
24 ஜூலை 2024

ஜோஸ்,

வேறு வாயால் கேட்கக் கூடாது என்று எழுதியிருக்கிறாய். அன்றைக்கு மத்தியானமே அவர் வாயால் கேட்டாகிவிட்டது.

அந்தக் கட்டடம் அப்பா எனக்கென்று கொடுத்தது. பெண்பிள்ளைக்கு எதற்கு நிலம் என்று சித்தப்பாக்கள் எல்லாம் எதிர்த்து நின்றபோது, பதிவு அலுவலகத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதில் ஒரு செங்கல்லை எடுப்பதென்றாலும் என்னைக் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். எடுக்கவில்லை, கோடுதானே போட்டேன் என்பாய். தெருவே பார்க்கக் கோடு போட்ட பிறகு நான் மாட்டேன் என்றால், நாளைக்கு யார் கெட்டவள்?

கோடு போட ஆயிரம் பேர் இருந்தார்கள். நீ எதற்குப் போட்டாய்? உன் குரல் போன அன்று ஆஸ்பத்திரியில் உன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவள் நான்.

தெருவைப் பற்றி இனி எனக்கு எழுதாதே.

ஹேமாவதி

---

சேலையூர்
20 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ஹேமா,

ஒரு பெண், ஒரு பையன்! அண்ணன் தெரு முழுக்க லட்டு கொடுத்தார். என் கேட்டிலும் ஒரு டப்பா தொங்கியது, ஆளைத்தான் காணோம். ஸ்ரீவித்யா தேறிவிட்டாளா? பிள்ளைகள் ராத்திரியில் மாறி மாறி அழுகிறார்களா, சேர்ந்து அழுகிறார்களா? மாறி மாறி என்றால் உனக்குத் தூக்கமே இருக்காது.

நீ எழுதியது நியாயம். உன்னைக் கேட்டுவிட்டுத்தான் போட்டிருக்க வேண்டும்.

தெருவைப் பற்றி எழுதாதே என்றாய். ஒன்றே ஒன்று மட்டும், அது உன்னைப் பற்றியது என்பதால். உங்கள் படிகளை விட்டுவிட்டுத் திட்டத்தை மாற்றலாம் என்று குழுவில் சொன்னேன். "சிநேகிதி வூடுன்னா தனி நியாயமா மிஸ்?" என்று ஒருவர் கேட்டார். அவர் கேட்டதும் நியாயம். உன் வாசலைப் பற்றி நான் எந்தப் பக்கம் பேசினாலும் தப்பாகிவிடுகிறது. அதனால் பொறுப்பை சிவகுமாரிடம் கொடுத்துவிட்டு விலகிக்கொண்டேன். படிகள் அப்படியே இருக்கும் என்றுதான் படம் மேலே போயிருக்கிறது. உன்னை யாரும் கெட்டவள் என்று சொல்லவில்லை. சொல்ல விடமாட்டேன்.

உன் செம்பருத்தி மொட்டு விட்டிருக்கிறது.

உன்
ஜோசலின்

---

புனே
6 அக்டோபர் 2024

அன்பு ஜோஸ்,

உன் கடிதத்துக்கு ஒன்றரை மாதமாகப் பதில் போடவில்லை. பிள்ளைகள் மேல் பழியைப் போடலாம், ஆனால் காரணம் வீம்புதான்.

போன வாரம் அவர் போன் பண்ணினார். கங்கையம்மாள் நடக்கத் தொடங்கிவிட்டதாமே, வாக்கரைப் பிடித்துக்கொண்டு. பூக்கூடை இல்லாமல் சும்மா தெருவைப் பார்க்க வந்ததாம். நடைபாதைக்கென்று புதுசாக மண் கொட்டி வைத்திருக்கும் ஓரமாகவே வந்து, நம் படிகளுக்குப் பக்கத்தில் வழியில்லாமல் ரோட்டில் இறங்கியிருக்கிறது. வாக்கரின் கால் ஒன்று வடிகால் விளிம்பில் மாட்டிக்கொண்டதாம். பின்னால் பள்ளி வேன். டிரைவர் எப்படியோ பிரேக் போட்டுவிட்டான். இவர் ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டு வந்து படியில் உட்கார வைத்திருக்கிறார்.

இவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அந்தம்மா நம்ம படியில உக்காந்துகினு, 'உனக்குத் தொந்தரவு குடுத்துட்டேன் நைனா'ன்னு என்கிட்ட மன்னிப்பு கேக்குது ஹேமா. எனக்கு சோறே எறங்கல."

பிறகு அவரே, "உன் சிநேகிதி குழுவ வுட்டுட்டாங்க, தெரியுமில்ல? ஆனா தெனம் காலையில, ஸ்கூல் நேரத்துக்கு நம்ம மூலையில வந்து நிக்கறாங்க. கத்தவும் முடியாது. ரெண்டு கையையும் நீட்டிகினு வண்டிக்கு குறுக்கால நின்னு புள்ளைங்கள தாண்ட வுடறாங்க. நான் கடையில இருந்து பாத்துகினே இருந்தேன், ஒரு நாளும் எறங்கிப் போய் கூட நிக்கல" என்றார்.

நீ எனக்கு அதை எழுதவேயில்லையே, ஜோஸ். செம்பருத்தியைப் பற்றி எழுதினாய்.

போனை வைத்துவிட்டு உன் ஆகஸ்ட் கடிதத்தை ஸ்ரீவித்யாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "அம்மா, ஜோஸ் ஆன்ட்டி உனக்காகத் தெருவையே விட்டுக்குடுத்திருக்காங்க. நீ ஒரு படியப் புடிச்சிகிட்டு இருக்க" என்றாள். என் வயிற்றில் பிறந்ததுதானா என்று பார்த்தேன்.

இத்துடன் ஜீவிதாவுக்கு என் சம்மதக் கடிதம் இருக்கிறது. படிகளை எடுத்துவிடலாம். நம் கடையோடு அந்தக் கட்டடத்தில் வாடகைக்குக் கடை வைத்திருக்கும் மூவரிடமும் அவர் பேசிவிட்டார். ஷட்டரை உள்ளே தள்ளி, படியைக் கடைக்குள்ளேயே கட்டிக்கொள்ளலாம். கடை சின்னதாகும், ஆகட்டும். கையெழுத்துப் போடும்போது கொஞ்சம் அழுதேன். அப்பாவை நினைத்துத்தான். ஆனால் அவர் எனக்குத் தந்தது படிகளை அல்ல, என் பெயரில் முடிவெடுக்கும் உரிமையை. அதைத்தான் இப்போது செய்திருக்கிறேன்.

உன்னை எனக்கு முப்பது வருஷமாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்படி ஒருத்தி பக்கத்து வீட்டில் இருந்தது இப்போதுதான் தெரிகிறது. குழுவுக்குத் திரும்பிப் போ. என் வாசல் இனி உனக்குக் குறுக்கே இல்லை.

என்றும் உன்
ஹேமா

---

சேலையூர்
18 பிப்ரவரி 2025

என் ஹேமா,

மழையால் இழுத்துக்கொண்டே போன வேலை ஒருவழியாக முடிந்தது. திறப்பு விழா எதுவும் வைக்கவில்லை. மூன்று வாரத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை தடுப்பை எடுத்தார்கள், பிள்ளைகள் நடக்கத் தொடங்கிவிட்டார்கள், அவ்வளவுதான். பள்ளி வாசலில் ரோடு மேடாக ஏறுவதால் பைக்கில் வருகிறவன் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் மெதுவாகத்தான் வர முடிகிறது. கங்கையம்மாள் உங்கள் மூலையில் நிழலாகப் பார்த்துக் கூடையை வைத்துவிட்டது. எலியேசர் தாத்தா தினமும் நாற்காலியில் பால் வாங்கப் போகிறார். பால் அவர்கள் வீட்டுக்கே வரும், இருந்தும் போகிறார்.

எல்லாமே சரியாகிவிடவில்லை. யாரோ ஒருவர் புது மரக்கன்றில் ஆட்டைக் கட்டிவிட்டார். நடைபாதையில் பைக்கை நிறுத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு அண்ணன் இருக்கிறார். கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, வண்டி ஏறினால் போதும், "யோவ், இது நடக்கறதுக்கு! வண்டிய எறக்கு!" என்று கேம்ப் ரோடு வரை கேட்கிறாற்போலக் கத்துகிறார். எனக்கும் சேர்த்துக் கத்துவதாக ஒரு நாள் சொன்னார்.

நேற்று மாடம்பாக்கத்திலிருந்து சிலர் நம் தெருவைப் பார்க்க வந்திருந்தார்கள். இதை எப்படிச் செய்தீர்கள், எங்கள் தெருவிலும் செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். "அதெல்லாம் சுளுவுதான். மொதல்ல உங்க வூட்டு வாசல நீங்களே இடிச்சிட்டு வாங்க, மத்தத அப்பால பேசலாம்." அவர்கள் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு அவரே டீ வாங்கிக் கொடுத்து, ஜீவிதாவின் நம்பரும் எழுதிக் கொடுத்து அனுப்பினார். உன் பெயரையும் சொன்னார். இந்த இடம் என் சம்சாரத்தோடது, அவங்கதான் குடுத்தாங்க என்று. அதைச் சொன்னபோது அவர் நெஞ்சு நிமிர்ந்ததை நீ பார்த்திருக்க வேண்டும்.

அடுத்த வாரம் புதன்கிழமை ரயில் என்று ஸ்ரீவித்யா எழுதியிருந்தாள். தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ பிடி, ஆனால் வீடு வரைக்கும் வராதே. கேம்ப் ரோட்டு முனையிலேயே இறங்கிவிடு. பெட்டிகளை அண்ணன் வண்டியில் எடுத்துக்கொண்டு போகட்டும், நான் முனையில் காத்திருக்கிறேன்.

இந்தத் தெருவில் நாம் இத்தனை வருஷமாக ஒருத்தி பின்னால் ஒருத்தியாகத்தான் நடந்திருக்கிறோம், ஹேமா. எதையாவது சொல்ல வேண்டுமென்றால் நீ திரும்பிப் பார்ப்பாய், அதற்குள் ஏதாவது ஒரு வண்டி வந்துவிடும். இப்போது இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நடக்கலாம். என் குரல் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் உன் காதில் விழும். வீடு வரைக்கும் பேசிக்கொண்டே போவோம்.

உன்
ஜோஸ்