கோலுக்குப் பின்னால் நிற்பேன்

ஆசியாவும்மா,

நீ கோபம் ஆறி உம்மா வீட்டிலிருந்து வரும்போது நான் திருகோணமலை ரயிலில் இருப்பேன். சாவி திண்ணைத் தறிப் பலகைக்கு அடியில். நூல் முதலாளி வந்தால், நெய்து முடித்த சாரன்கள் பெட்டிக்குள் இருக்கின்றன, எடுத்துக் கொடு. பூனைக்கு மீன் தலை வைத்துவிட்டேன்.

போன மேட்ச்சில் உன் தம்பி ஆதம்லெவ்வை காலுக்குள்ளால் பந்தை விட்டான். "கோலுக்குள்ள நிக்கிறவன மாத்துங்கடா" என்று நான் கத்தியதில் தப்பில்லை. விட்டது விட்டதுதான். ஆனால் "நீங்க குந்தியிரிக்கிற ஊடு அவன் கட்டித் தந்தது" என்று நீ சொன்னதிலும் தப்பில்லை. உன் சீதன வீட்டுக்குக் கூரை ஏறும்வரை அவன் தனக்கென்று ஒரு சட்டை வாங்கவில்லை. நேற்றும் தெருவில் கண்டு, "மச்சான், நீங்களும் வாறீங்கதானே" என்றுதான் கேட்டான்.

நாளைக்கு ஃபைனலில் அவன் கோலுக்குப் பின்னால் நிற்பேன். மைதானம் முழுக்கத் திருகோணமலை டீமுடைய ஆட்கள் இருப்பார்கள். அவன் பேரைச் சொல்லிக் கத்த ஒரு தொண்டையாவது வேண்டும். இந்த முறை பிடிப்பான். கப்பை முதலில் இங்கேதான் கொண்டு வரச் சொல்வேன், முற்றத்தைக் கூட்டி வை.

கச்சிமுகம்மது

எழுதி முடித்துப் பையைத் தூக்கினால் கனக்கிறது. உள்ளே இரண்டு சோற்றுப் பொதி. நான் குளிக்கப் போன நேரம் வந்து வைத்துவிட்டுப் போனாயா? பெரியது தம்பிக்கு என்று தெரியும், பிரிக்காமல் கொடுப்பேன். சின்னதை இப்போதே அவிழ்த்துப் பார்த்தேன். எனக்கும் பொரித்த முட்டை வைத்திருக்கிறாய்.