படுதாக் கயிற்றில் நீங்கள் போட்ட முடிச்சு

என் கோபத்துக்கெல்லாம் சிரிப்பையே பதிலாகச் சொன்ன என்னவருக்கு,

எந்த ஊர்ப் பழக்கமுங்க இது? டீக்கடைப் படுதாவைச் சுருட்டி ஏற்றி, கயிற்றை ஆணியில் எட்டுச் சுற்று சுற்றி, முடிச்சுமேல் முடிச்சு போட்டு, அது போதாதென்று ஒரு சொம்புத் தண்ணீரையும் அதில் ஊற்றுவது! சந்தையில் நைலான் கயிறு வந்த பிறகும் சணல்தான் வேண்டும் என்பீர்கள். நனைந்த சணல் இறுகினால் என்ன, மறுநாள் அவிழ்க்கப்போவது உங்கள் கைதானே என்ற தைரியம். அந்த மறுநாள் காலையில் நீங்கள் எழுந்திருக்கவே இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கடை திறந்தேன். படுதாவை இறக்க முடியாமல் மேற்கு வெயில் பெஞ்சில் அடித்தது. லாரிக்காரர்கள் கிளாஸோடு புளியமரத்தடிக்குப் போய்விட்டார்கள். உங்கள் தம்பி அரிவாளோடு வந்தார். "அறுத்துரலாம் அண்ணி, வேற கயிறு போட்டுக்கலாம்."

நான் விடவில்லை. உங்கள் கை கடைசியாகச் செய்த வேலை அதுதான். கோணி ஊசியால் ஒரு மணி நேரம் நெம்பினேன். பிரிக்கு ஒரு திட்டு திட்டினேன். கேட்டதா?

ஒருவழியாக அவிழ்ந்தது. கயிற்றை வெறுங்கையில் பிடித்திருந்தேன். படுதாவின் அடிமூங்கில் கனத்தில் கயிறு சர்ரென்று ஓடி உள்ளங்கைத் தோலை உரித்துவிட்டது. மூங்கில் விழுந்து கிளாஸெல்லாம் நொறுங்கின. இத்தனை வருஷம் பக்கத்தில் நின்றேனே, ஒரு நாளாவது கயிற்றை என்னிடம் கொடுத்தீர்களா? "நீ வுடு, உனக்கு வராது." எப்போதும் இதே பேச்சு.

உங்கள் தம்பியும் அதையே பிடித்துக்கொண்டார். "எறக்கவே தெரியல, ஆடிக் காத்துல என்ன பண்ணுவீங்க? சாவியக் குடுத்துட்டு வூட்டுல இருங்க அண்ணி, நான் பாத்துக்கறேன்." கொடுத்தால் நானும் நம் மகள் சின்னவளும் காலத்துக்கும் அவர் கையைத்தான் பார்த்திருக்க வேண்டும். ஆடி வரைக்கும் பொறுங்கள் என்றேன்.

மிரண்ட மாட்டை யாராவது வெறுங்கையில் பிடிப்பார்களா? கம்பத்தில் ஒரு சுற்று போட்டால் கம்பமே தாங்கிக்கொள்ளும், நாம் கொஞ்சம் கொஞ்சமாக விடலாம். இண்டூரில் மாட்டோடு வளர்ந்தவளுக்கு இந்தப் புத்தி வரத் தோல் உரிய வேண்டியிருந்தது. மறுநாளே ஆணியில் ஒரு சுற்று விட்டுப் பிடித்தேன். படுதா சொன்னபடி கேட்டது.

நேற்று ஆடிக் காற்று மண்ணை வாரிக்கொண்டு வந்தது. படுதா உப்பிக்கொண்டு கம்பத்தையே பிடுங்கப் பார்த்தது. உங்கள் தம்பி கைகட்டி வேடிக்கை பார்த்தார். காற்று தணிந்தபோது ஒரு முழம் இழுத்தேன், வீசியபோது ஆணியில் நிறுத்தினேன். முழுதும் சுருட்டி, நுனியை இழுத்தால் அவிழ்கிற உருவு முடிச்சாகப் போட்டேன். அவர் வந்து நுனியை இழுத்தார். முடிச்சு கழன்றது, சுற்று மட்டும் தாங்கி நின்றது.

"அட, இவ்ளோதானா!"

எனக்கு வந்த கோபம் அவர்மேல் இல்லை, உங்கள்மேல்தான். இவ்வளவுதானே! இதைச் சொல்லித்தர ஒரு டீ ஆறுகிற நேரம் ஆகியிருக்குமா? உங்களுக்கு ஏன் மனசு வரவில்லை? அவர் அப்புறம் சாவிப் பேச்சை எடுக்கவில்லை.

இனி அந்தக் கயிற்றில் தண்ணீர் ஊற்ற மாட்டேன். சின்னவளுக்கும் காட்டிக்கொடுத்துவிட்டேன், அவருக்கும்தான். ஒரு நாள் காலையில் நானும் எழுந்திருக்காமல் போகலாம். நான் போட்ட முடிச்சின் முன்னால் யாரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அழும்படி வைக்க மாட்டேன். இது சத்தியம்.

உங்களைத் திட்டி இன்னும் தீராத,
உங்கள் பெண்டாட்டி,
அதியமான்கோட்டை.