இரண்டு குதிகால்

நவம்பர் 4

அன்புள்ள வாலுவுக்கு,

அண்ணன் எழுதுவது. அங்கே குளிர் தொடங்கியிருக்கும். இத்துடன் ஒரு ஜோடி சாக்ஸ் அனுப்பியிருக்கிறேன். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டால், மூன்று மணி வரை பஸ்ஸிலேயே உட்கார்ந்து பின்னுகிறேன். "என்ன டிரைவரே, எத்தனாவது மாசம்?" என்று வாட்ச்மேன் கேலி செய்கிறார். குதிகால் திருப்பத்தில்தான் உயிர் போகிறது. மூன்று தடவை பிரித்தேன். முடித்ததும் வந்த சந்தோஷம் இருக்கிறதே, முதன்முதலாக பஸ்ஸை ரிவர்ஸ் எடுத்த அன்றைக்குத்தான் அப்படி வந்தது. போடாமல் பெட்டியில் வைத்தாயோ, கெட்ட கோபம் வரும்.

உன் அண்ணன்

நவம்பர் 19

அன்புள்ள அண்ணனுக்கு,

சாக்ஸ் வந்தது. ஒன்றைப் போட்டுப் பார்த்தேன், அவ்வளவு கதகதப்பு. ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இன்னொன்றில் இரண்டு குதிகால் இருக்கிறது. ஒன்று இருக்க வேண்டிய இடத்தில், ஒன்று கணுக்காலுக்கு மேலே. விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். போன மாதக் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. பக்கத்து வீட்டில் கிணறு தூர் வாரிய கதையை ஒரே பக்கத்தில் இரண்டு முறை எழுதியிருக்கிறாய்.

என் வார்டில் தினமும் இந்த மறதியைத்தான் பார்க்கிறேன். உனக்கு ஐம்பத்தெட்டுதானே ஆகிறது! டாக்டரிடம் போ அண்ணா. அதுவரை பஸ் எடுக்காதே.

வாலு

நவம்பர் 30

வாலுவுக்கு,

நர்ஸ் வேலைக்குப் போனதிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாம் உனக்கு நோயாளிதான். வாட்ச்மேனோடு பேசிக்கொண்டே பின்னினேன், கை அது பாட்டுக்குப் போய்விட்டது. அதைப் பிரித்துவிடு, யாரிடமும் காட்டாதே. இருபத்தாறு வருஷமாக என் பஸ்ஸில் ஒரு கீறல் கிடையாது. இந்தப் பேச்சு இதோடு போதும்.

அண்ணன்

டிசம்பர் 6

வாலு,

உன் பதில் வருமுன் எழுதுகிறேன். உன்னிடம் பொய் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை காலை, தினமும் போகிற அதே நாற்சந்தி. நாலு பக்கமும் சாலை போகிறது. எது நம்முடையது என்று தெரியவில்லை. பின்னால் நாற்பது பிள்ளைகள். "என்னங்க டிரைவரே, சிக்னல் விழுந்து எவ்ளோ நேரமாச்சு?" என்று பஸ் ஆயாம்மா கேட்டார். "நீங்களே சொல்லுங்க, எந்தப் பக்கம்?" என்றேன், கேலிபோல. பிள்ளைகள் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. அவர் கை காட்டிய பக்கம் பஸ்ஸைத் திருப்பினேன்.

பரீட்சை முடியட்டும். லீவு விட்டதும் மேனேஜரிடம் சொல்லிவிடுகிறேன். அதுவரை மெதுவாகத்தான் ஓட்டுவேன்.

அண்ணன்

டிசம்பர் 12

அண்ணா,

லீவு வரைக்கும் என்று சொல்லாதே. மெதுவாக ஓட்டுவேன் என்றும் சொல்லாதே. இதைப் படித்ததும் சாவியைக் கொடுத்துவிடு.

வாலு

டிசம்பர் 18

அன்புள்ள வாலுவுக்கு,

நேற்று உன் கடிதம் வந்தது. இன்று காலை பஸ்ஸைத் தொடவில்லை. நேரே மேனேஜர் அறைக்குப் போனேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். சாவியை மேஜையில் வைத்தேன். நான் வாயைத் திறக்குமுன், "தெரியும், உட்காருங்க" என்றார். அவர் கையில் ஒரு கடிதம். உன் கையெழுத்து.

நீ செய்தது சரி. உன் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனாலும் ஒரு நாள் என்னை நம்பியிருக்கலாம் வாலு. நானாகக் கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஒன்றும் இல்லாமல் போய்விட்டது.

திங்கட்கிழமை டாக்டர் வரச் சொல்லியிருக்கிறார். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது. லீவு போட்டுவிட்டு வா. உன்மேல் மலையளவு கோபம் இருக்கிறது. அது மறந்துபோவதற்குள் வந்துவிடு. நேரில் சண்டை போட வேண்டும்.

அண்ணன்